மே 17 இரவு ஆடினேன், அம்மா கதைக்கிறா இல்லை

கேள்வி:

அன்ரி என்றே கூப்பிடுகிறேன், குறை நினைக்கவேண்டாம். எனக்கு வயது 27. விசுவமடுப் பக்கம் எங்கள் வீடு. இரண்டு வருடத்துக்கு முன் ஜேர்மனிக்கு வந்து, பவேரியா மாநிலத்தில் ஒரு சின்ன நகரத்தில் முதியோர் இல்லமொன்றில் தாதியர் பயிற்சி செய்கிறேன். கூடப் படிக்கிற பிள்ளைகள் சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே இருக்கிற டிஸ்கோவுக்குப் போவார்கள். முதலில் சும்மா பார்க்கப் போனேன், இப்போது மாதத்தில் இரண்டு மூன்று தரம் போகிறேன். ஆடப் பிடிக்கிறது. அங்கே தமிழர் ஒருவரும் இல்லை, நான் ஒருத்திதான் கறுப்பி. ஒரு நாள் வாசலில் நிற்கிறவர் 'இன்று தனிப்பட்ட பார்ட்டி' என்று என்னை மட்டும் திருப்பி அனுப்பினார், பின்னால் வந்தவர்களை உள்ளே விட்டார். மற்றபடி பிரச்சினை இல்லை. பாஸ் சத்தம் கூடும்போது நெஞ்சு இடிக்கும், வெட்டி வெட்டி அடிக்கிற அந்த லைட் வந்தால் கை குளிர்ந்துவிடும். ஒரு கிளாஸ் வைன் குடித்தால் சரியாகிவிடும். சில நாள் இரண்டு.

2025 மே 17 சனிக்கிழமை. அன்றைக்கு அறையில் தனிய இருக்க ஏலாமல் இருந்தது. அன்றிரவும் போனேன். கூட வந்த பிள்ளை வீடியோ எடுத்து ஸ்டோரியில் போட்டு என் பெயரையும் சேர்த்துவிட்டாள். லண்டனில் இருக்கிற மச்சாள் அதைக் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டா. அம்மா அதைப் பார்த்தது மறுநாள், மே 18 நினைவேந்தலுக்கு முள்ளிவாய்க்காலுக்குப் போகிற பஸ்ஸில் இருந்து. 2009இல் கடைசிப் போருக்குள் வலைஞர்மடத்தில் எங்கள் அண்ணா செத்தவர், எனக்கு அப்போது 11 வயது. அன்று தொடக்கம் அம்மா என்னோடு கதைக்கிறா இல்லை. தங்கச்சியிடம் 'அவளுக்கு இப்ப ஆட்டம் கேக்குதாம்' என்று மட்டும் சொன்னாவாம். பேசிவைத்த கலியாணமும் குழம்பும் போல இருக்கிறது. நான் செய்தது பிழையா? ஆட்டத்தை விடவேண்டுமா?

பதில்:

பிள்ளை, அன்ரி என்றதற்குக் குறை ஒன்றுமில்லை, வயது 54, தலைக்கு மை பூசுவதையும் விட்டாயிற்று. உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம்தான் ஒரு வரி கண்ணில் பட்டது, ஏனென்றால் திகதியைச் சொல்லிவிட்டு, வீடியோவைப் பற்றிச் சொல்லும் அவசரத்தில் அதை நடுவில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறீர்கள். 'அன்றைக்கு அறையில் தனிய இருக்க ஏலாமல் இருந்தது.' கலியாணம், மச்சாள், வாசல்காரன் எல்லாம் பிறகு. முதலில் இந்த வரியைப் பார்ப்போம்.

உங்களுக்கு அங்கே இரவு ஒரு மணி என்றால் கோடையில் எங்களுக்கு விடிய நாலரை. நீங்கள் ஆடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் உங்கள் அம்மாவும் முழித்துத்தான் இருந்திருப்பார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உளவளத்துணை வேலை செய்து எனக்குப் பதினைந்து வருடமாகிறது, மே 17 இரவு வடிவாக நித்திரை கொண்டேன் என்று சொன்ன ஒரு தாயை நான் இன்னும் சந்திக்கவில்லை. இருட்டோடு எழும்பி முழுகி, படத்துக்கு முன்னால் விளக்கு வைத்து, பூவையும் கற்பூரத்தையும் ஒரு ஷொப்பிங் பையில் கட்டிக்கொண்டு பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். ஏன் போகிறார்கள்? விளக்கை வீட்டிலேயே வைக்கலாம்தானே, வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் அந்த ஒரு நாள் வீட்டுக்குள் தனிய இருக்க ஏலாது. சனத்துக்குள் நிற்கவேண்டும், பக்கத்தில் ஒருத்தி குழறினால் தானும் சேர்ந்து குழறவேண்டும், பிறகு யாரோ சிரட்டையில் ஊற்றித் தருகிற கஞ்சியை நின்ற நிலையில் குடிக்கவேண்டும். நீங்களும் அன்றிரவு தனிய இருக்கப் பயந்து சனத்தைத் தேடித்தான் போனீர்கள். உங்களுக்குச் சனம் கிடைத்த இடம் டிஸ்கோவாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் உங்கள் அம்மா விளக்குமாற்றோடு என் கந்தோருக்கு வருவார், வருவதும் நியாயம். அவர் பார்த்தது பதினைந்து வினாடி வீடியோ. அதில் உங்கள் சிரிப்பு இருக்கிறது, மேலே தூக்கிய கை இருக்கிறது, சிவப்பு வெளிச்சம் இருக்கிறது. அதற்கு முதல் அந்த அறையில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது அதில் இல்லை. மகள் மறந்துவிட்டாள் என்றுதான் அவர் வாசித்திருப்பார், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் வாசித்திருப்பேன். அதுவும் பஸ்ஸில், சுற்றிவர அதே பயணம் போகிற சனம் இருக்க.

இன்னொரு கதை சொல்கிறேன், ஆளைத் தெரியாதபடிக்கு மாற்றித்தான் சொல்கிறேன். மீளக்குடியேறி நாலைந்து வருடத்தில் ஒருவர் தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு ஸ்பீக்கர் பெட்டி எடுக்கவே விடமாட்டேன் என்று நின்றார். வீட்டில் செத்த சனம் இருக்க எங்களுக்கு என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு என்றார். ஊரும் ஓம் என்றது, மனிசியும் அழுதுவிட்டு விட்டுவிட்டா, மகள் மட்டும் ஒரு மாதம் தகப்பனோடு முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் என்னோடு தனிய இருந்து கதைக்கும்போது வந்தது உண்மை. அந்தப் பெட்டி 'தும் தும்' என்று அடித்தால் அவருக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டு வரும், சனத்துக்கு முன்னால் ஓடிப்போய் எங்கேயாவது படுத்துவிடுவேனோ என்ற பயம். பயம் என்று சொல்ல வெட்கம், துக்கம் என்று சொன்னால் மரியாதை. எங்கள் ஆட்களிடம் இது நிறைய இருக்கிறது பிள்ளை. உங்கள் அம்மாவின் கோபத்துக்குள்ளும் என்ன இருக்கிறதென்று கேட்காமல் முடிவுகட்ட வேண்டாம்.

இப்போது அந்த 'தும் தும்' பற்றி. டிஸ்கோவைப் பற்றி இந்த மனிசிக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். 2019இல் என் தங்கச்சியிடம் ஸ்ருட்கார்ட் பக்கம் போய் ஆறு கிழமை நின்றேன், ஒரு சனிக்கிழமை பெறாமகள் 'பெரியம்மா வாங்கோ, ஒருக்கா பாத்திட்டு வருவம்' என்று இழுத்துக்கொண்டு போனாள். நான் ஏதோ மாளிகை என்று நினைத்தேன். பார்த்தால் ஒரு பக்கம் தளபாடக் கடை, மறுபக்கம் பெற்றோல் செற், நடுவில் நெல் ஆலை மாதிரி ஒரு தகரக் கட்டடம். பத்து மணிக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள், பதினொன்றரை மட்டும் ஈ காக்கை இல்லை, பிறகு எங்கே இருந்து வந்ததோ தெரியாது, சுற்றிவர உள்ள கிராமத்துப் பொடி பெட்டை எல்லாம் காரில் வந்து இறங்குகிறது. ஜக்கெற்றைக் கழற்றிக் கொடுத்து நம்பர் துண்டு வாங்கவேண்டும். புறங்கையில் ஒரு முத்திரை குத்துவார்கள், அது இரண்டு நாளுக்கு அழியவில்லை, மறுநாள் கோயிலில் சால்வையால் கையை மூடிக்கொண்டு திருநீறு வாங்கினேன். தரை முழுக்கக் குடிவகை சிந்தி, செருப்பு ஒட்டி ஒட்டி எழும்பியது.

நன்றாகத்தான் இருந்தது, புகை அடித்து வெள்ளை லைட் வெட்டத் தொடங்கும் மட்டும். அந்தப் பாஸ் காதால் வரவில்லை, உள்ளங்காலால் வந்தது, முழங்கால் ஏறி நெஞ்சில் நின்றது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா, வாசலுக்கு எத்தனை அடி என்று எண்ணினேன். பத்து வருடத்துக்கு முன் தறப்பாளில் இருந்து பங்கருக்கு எண்ணின அதே எண்ணிக்கை. பிறகு வெளியே போய், சிகரெட் பிடிக்கிற சனத்தோடு குளிருக்குள் நின்றேன். பெறாமகள் ஒரு கிளாஸ் தண்ணீரோடு ஓடிவந்தாள், பெரியம்மாவுக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டாள், பாவம். பாட்டில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே உங்கள் நெஞ்சு இடிப்பதும் கை குளிர்வதும் எனக்கு விளங்குகிறது. செல், அதுதான் எறிகணை, விழுந்தால் அதைக் காது பாதி கேட்கும், உடம்பு பாதி கேட்கும். டிஸ்கோ பாஸும் அதே மாதிரித் தாழ்ந்த சத்தம், உடம்புக்குள்ளால் போவது. இது பாட்டா வெடியா என்று யோசித்து முடிக்கமுதல் மூளையின் எச்சரிக்கை மணி அடித்துவிடும், இரத்தம் கை காலை விட்டு உள்ளே ஓடும், அதனால்தான் கை குளிர்கிறது. இது விசர் இல்லை, பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை. 11 வயதில் உங்கள் உடம்பு ஒரு பாடம் படித்தது, இந்தச் சத்தம் கேட்டால் விழுந்து படு என்று. சரியான பாடம், அதனால்தான் இன்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இடம் மாறியதை உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. மனவடு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் ஒன்று யோசித்தீர்களா? பயமுறுத்துகிற அதே இடிதான் உங்களுக்குப் பிடித்தும் இருக்கிறது, இல்லாவிட்டால் மாதம் மூன்று தரம் போகமாட்டீர்கள். விசுவமடுப் பிள்ளை என்றால் வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சின்னனில் அப்பாவின் தோளில் இருந்து போயிருப்பீர்கள். முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரித்து, அது வற்றாப்பளைக்கு வந்து, விடிய விடிய நடக்கிற அந்தப் பொங்கலில் பறை எங்கே கேட்கும்? நெஞ்சுக்குள்தான் கேட்கும். கற்பூரச்சட்டியோடு வருகிற பெண்கள் அந்த அடிக்கு உரு வந்து ஆடுவார்கள், தலைமயிர் அவிழ்ந்துவிடும், சேலைத் தலைப்பைப் பக்கத்தில் நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள், ஆடி முடிந்து ஆள் களைத்து மணலில் இருக்கும்போது முகத்தைப் பார்த்தால் பத்து வயது குறைந்திருக்கும். அதை ஒருவரும் 'ஆட்டம் கேட்குதாம்' என்று சொல்வதில்லை. செல் வருமுன்னமே பறை உங்கள் உடம்புக்குள் வந்துவிட்டது பிள்ளை. அந்தத் தகரக் கட்டடத்துக்குள் நீங்கள் ஆடும்போது இரண்டும் சேர்ந்து அடிக்கிறது என்பது என் எண்ணம். ஆட்டத்தை விடவேண்டுமா என்று கேட்டீர்கள். விடவேண்டாம். உடம்பு தானாகவே தேடிப் போயிருக்கிற இடத்தில் இருந்து அதைப் பிடித்து இழுத்து வருவது என் வேலை இல்லை.

எனக்குக் கவலை அந்த வைனில். ஒரு கிளாஸ் வைனுக்கு நான் நெற்றியைச் சுருக்குகிற ஆள் இல்லை. கூட இருப்பவர்களோடு சிரித்துக்கொண்டு குடிப்பது ஒன்று, நெஞ்சிடியை நிப்பாட்டக் குடிப்பது வேறொன்று. இரண்டாவது மருந்து. மருந்து என்றால் அளவு ஏறும், 'சில நாள் இரண்டு' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மதுவுக்கு ஒரு குணம், முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் நரம்பை அமத்தி வைத்திருக்கும், பிறகு அது உடம்பை விட்டு இறங்கும்போது அமத்தினது எல்லாம் வட்டியோடு எழும்பும். ஞாயிறு விடிய நாலு மணிக்கு நெஞ்சு படபடக்க எழும்புகிறீர்களா, கெட்ட கனவு வருகிறதா? நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். ஓம் என்றால் அதற்குக் காரணம் டிஸ்கோவும் இல்லை, பாவமும் இல்லை, அந்தக் கிளாஸாகவும் இருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை குடிக்காமல் போய்ப் பாருங்கள், ஆனால் வெறுங்கையோடு போகவேண்டாம். அப்போத்தேக்கில், அதுதான் மருந்துக்கடையில், காதுக்கு வைக்கிற அடைப்பான் வாங்குங்கள். பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு வகை இருக்கிறது, சத்தத்தை மட்டும் குறைக்கும், பாட்டைக் குழப்பாது. அந்த நாட்டில் இதற்கு ஓரோபாக்ஸ் என்று ஒரு பழைய பெயர், 1907இல் பேர்லினில் ஒருவர் மெழுகும் பஞ்சும் சேர்த்துச் செய்தது, ஜேர்மன் மொழியில் ஓர் என்றால் காது, லத்தீனில் பாக்ஸ் என்றால் சமாதானம். முதலாம் உலகப் போரில் பீரங்கிச் சத்தத்துக்கு இதைச் சிப்பாய்கள் காதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். காதுக்குச் சமாதானம் என்று பெயர் வைத்தவனுக்கு ஒரு கும்பிடு. எங்களிடம் அப்போது பஞ்சுகூட இல்லை, அது வேறு கதை. மனவடு இல்லாத ஆளுக்கும் இது வேண்டும்: 85 டெசிபலை எட்டு மணித்தியாலம் தாங்குகிற காது, ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏற்றத்துக்கும் பாதி நேரம்தான் தாங்கும், 100இல் கால் மணித்தியாலம். அங்கே இருக்கிற ஒழுங்குமுறை அரை மணித்தியாலச் சராசரியாக 99 வரைக்கும் விடுகிறது. கணக்கை நீங்களே போடுங்கள். மறுநாள் மத்தியானம் வரைக்கும் காதுக்குள் கீச்சென்று கேட்டால் அது காது தருகிற எச்சரிக்கை.

பெட்டிக்குக் கிட்ட நிற்கவேண்டாம், வாசல் கண்ணில் படுகிற பக்கமாக ஆடுங்கள். அந்த லைட் தொடங்கினால் வெளியே போய்க் குளிர்ந்த தண்ணீர்க் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டி விடுங்கள், கால் தரையில் முட்டுவதைக் கவனியுங்கள். பிறகு உள்ளே போகலாம், போகாமலும் விடலாம். கூட வருகிற ஒரு பிள்ளைக்காவது ஒரு வசனம் சொல்லி வையுங்கள், 'நான் சின்ன வயதில் போருக்குள் இருந்தனான், சில சத்தம் எனக்கு ஒத்துவராது' என்று. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. இப்படி மூன்று நாலு தரம் போயும் வைன் இல்லாமல் ஏலாது என்றால் ஆள் பார்க்கத்தான் வேண்டும். 116117 என்ற இலக்கத்தில் உளச்சிகிச்சையாளரிடம் முதல் சந்திப்புக்கு நாள் எடுத்துத் தருவார்கள், உங்கள் நோய்க் காப்புறுதியே பணம் கட்டும், பயிற்சித் தாதிக்கு ஜேர்மன் மொழியும் தெரியும்தானே. மனவடுவுக்கென்று தேர்ந்தவர் வேண்டும் என்று கேளுங்கள். காத்திருக்கத்தான் வேண்டியிருக்கும், அதற்காகக் கேட்காமல் விடவேண்டாம்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆடப்போகாதீர்கள், திரும்பி வந்தால் புதுசு வாங்குங்கள். யாராவது தொந்தரவு என்றால், மூன்ஸ்டர் நகரத்தில் 2016இல் தொடங்கி நிறைய ஊருக்குப் பரவின ஒரு முறை இருக்கிறது, பாரில் போய் 'லூயிசா இங்கே இருக்கிறாவா?' என்று கேட்டால் வேலை செய்பவர்கள் விளங்கிக்கொண்டு உங்களை ஒரு பக்கம் கூட்டிப்போய் வாகனமோ பொலிஸோ ஒழுங்குபண்ணுவார்கள். உங்கள் ஊர் டிஸ்கோ அதில் இருக்கிறதா என்று கழிவறைச் சுவரில் பாருங்கள், வழக்கமாக அங்கேதான் ஒட்டியிருப்பார்கள். கார் ஓட்டுகிற பிள்ளைக்கு 21 வயது ஆகவில்லை என்றாலோ, லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகவில்லை என்றாலோ அந்த நாட்டுச் சட்டப்படி ஒரு சொட்டும் குடித்திருக்கக் கூடாது. குடித்திருந்தால் அந்தக் காரில் ஏறாதீர்கள், ரோஷம் பார்க்காமல் டாக்சிக்குக் காசு கொடுங்கள்.

வாசல்காரனை நீங்கள் ஒரு வரியில் 'மற்றபடி பிரச்சினை இல்லை' என்று விட்டுவிட்டீர்கள். அது பிரச்சினைதான். தோல் நிறத்துக்காக வாசலில் மறிப்பதை அந்த நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சமநடத்தைச் சட்டம் தடுக்கிறது. ரொய்ட்லிங்கன் என்ற ஊரில் ஒரு டிஸ்கோ வாசலில் அப்படி மறிக்கப்பட்ட ஒரு இளைஞனுக்கு 900 யூரோ கொடுக்கச்சொல்லி 2011இல் ஸ்ருட்கார்ட் மேல்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய காசில்லை, ஆனால் பிழை யாருடையது என்று எழுத்தில் இருக்கிறது. உரிமை கோருவதற்கு இரண்டு மாதம்தான் தவணை, ஆகவே இன்னொரு தரம் நடந்தால் அன்றிரவே திகதி, நேரம், பின்னால் நின்றவர்களின் பெயரை எழுதி வையுங்கள். வழக்குப் போடுங்கள் என்று நான் தள்ளவில்லை. 'கறுப்பி' என்று உங்களையே நீங்கள் எழுதியிருக்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

கலியாணம்: பதினைந்து வினாடி வீடியோவுக்குக் குழம்புகிற சம்பந்தம் குழம்பட்டும். மச்சாளுக்கும் ஒரு சொல் எழுத நினைத்தேன், ஆசிரியர் போடமாட்டார்.

இனி அந்தத் திகதி. பிழையா என்று கேட்டீர்கள், நான் நழுவக் கூடாது. ஆடியது பிழையில்லை. அந்த இரவு ஆடினது, முன்னமே என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், பாவம் என்பதால் இல்லை, அது உங்களையே பிறகு கடிக்கும் என்பதால். நீங்கள் இருக்கிற பவேரியாவிலேயே பாருங்கள், பெரிய வெள்ளிக்கிழமை டிஸ்கோ பூட்டு. டான்ட்ஸ்ஃபெர்போட், நடனத் தடை, சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். நவம்பரில் செத்தவர்களை நினைக்கிற ஞாயிறுகள் இரண்டு வரும், அவையும் அமைதி நாள் என்ற பட்டியலில்தான். வருடம் முழுக்க ஆடுகிற சனம், சில நாளை எடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறது. உங்களுக்கு யாரும் சட்டம் போடத் தேவையில்லை, மே 17ஐயும் 18ஐயும் நீங்களே ஒதுக்கி வையுங்கள். ஆனால் ஒதுக்கினால் மட்டும் போதாது, அறை அறையாகத்தான் இருக்கும். அடுத்த வருடம் அந்த இரவு யாரோடு இருப்பது என்று இப்பவே யோசியுங்கள். தமிழ்ச் சனம் கூடுகிற நகரம் ரயிலில் எத்தனை மணித்தியாலம் என்று பாருங்கள், அது ஏலாவிட்டால் இரவு வேலையைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பராமரிக்கிற 90 வயதுக்காரர்கள் சின்னப் பிள்ளையாக விமானக் குண்டுக்குப் பயந்து நிலவறைக்குள் இருந்த வயதினர். தேத்தண்ணி நேரத்தில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், போர் முடிந்த பிறகு முதல் முதல் எப்போது ஆடினீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று. என்ன வருகிறதென்று எனக்கும் எழுதுங்கள், சும்மா ஆசையில் கேட்கிறேன்.

அம்மாவுக்குக் குரூப்பில் விளக்கம் எழுதவேண்டாம், குரல் பதிவும் அனுப்பவேண்டாம், அது லண்டன் போய்த்தான் விசுவமடு வரும். நேரே எடுங்கள். டிஸ்கோ கெட்ட இடம் இல்லை என்று வாதாடத் தொடங்கினால் அம்மா போனை வைத்துவிடுவார். எனக்கு எழுதின அந்த வரியைத்தான் சொல்லவேண்டும், 'அம்மா, அண்டைக்கு எனக்கு அறையில தனிய இருக்க ஏலாம இருந்தது' என்று. சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பார், அந்த அமைதிக்குப் பயந்து நீங்கள் அடுத்த வசனத்தைப் போட்டுவிடாதீர்கள். கனநேரம் போனால் ஒன்று மட்டும் கேளுங்கள்: 'நீங்கள் அண்டிரவு படுத்தனீங்களோ?' முதல் தரம் அவர் போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாம் தரமும் கொடுக்கலாம். அம்மாவுக்கும் நித்திரை இல்லை, நெஞ்சிடி என்று தங்கச்சி சொன்னால் 1926 என்ற இலக்கத்தைக் கொடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், தமிழிலும் கதைப்பார்கள். முல்லைத்தீவுப் பக்கம் ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், நானே போவேன்.

ஞாயிற்றுக்கிழமை எடுங்கள். சனி இரவு போயிருந்தாலும் எழும்பி எடுங்கள். உங்களுக்குக் காலை ஏழு என்றால் அம்மாவுக்குப் பத்தரை, கோயிலால் வந்து கறிக்கு வெட்டிக்கொண்டு இருப்பார், கை வேலையில் இருக்கும்போதுதான் எங்கள் அம்மாமாருக்கு வாய் திறக்கும்.